பழைய வண்டிக்கு எவ்வளவு காப்புறுதி?

நமது தோட்டப்புறங்களில் இன்று வண்டி இல்லாத வீடு அரிது. பொழுது புலருமுன் பால் வெட்டுக்குப் புறப்படுவோர் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்காட்டை அடைகின்றனர். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், பட்டணத்தில் சாமான் வாங்கவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் ஒரு காரோ வேனோ உதவுகிறது. இவற்றுள் பல, கடையிலிருந்து புதிதாக வந்தவை அல்ல. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடி, இரண்டு மூன்று கைகள் மாறி, பல மாதச் சேமிப்பைக் கொடுத்து நம்மவர் வாங்கியவை. குடும்பத்தின் சொத்து என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வண்டி மட்டுமே என்ற நிலையும் பல வீடுகளில் உண்டு.

சாலை வரி முடியும் காலம் வந்ததும் காப்புறுதி முகவர் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவுக்குப் போடலாம்?" என்பதாகும். "எது குறைந்த கட்டணமோ அதைப் போடுங்கள்" என்பது சிலரின் விடை. வண்டியின் மீது பற்று மிகுந்த வேறு சிலரோ, "கூட்டியே போடுங்கள், ஏதேனும் நேர்ந்தால் அதிகப் பணம் கிடைக்கும்" என்பர். இரண்டு விடையும் கணக்குப் பாராமல் சொல்லப்படுபவை. முதலாவது விடை விபத்து நேர்ந்த அன்று கையைக் கடிக்கும். இரண்டாவது விடை ஆண்டுதோறும் ஓசையின்றிப் பணத்தைக் கொண்டுபோகும். பழைய வண்டியின் மதிப்பை எவ்வாறு அறிவது, அதற்கு எவ்வகைக் காப்புறுதி பொருந்தும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

சட்டம் கேட்பது என்ன?

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, நமது வண்டியால் பிறருக்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் அதற்கு ஈடு செய்யும் காப்புறுதி கட்டாயம் இருத்தல் வேண்டும். அது இன்றிச் சாலையில் வண்டியைச் செலுத்துவது குற்றமாகும். தண்டமோ சிறையோ விதிக்கப்படுவதுடன் ஓட்டுநர் உரிமத்தையும் இழக்க நேரிடும். இந்தக் கட்டாயக் காப்புறுதியே மூன்றாம் தரப்புக் காப்புறுதி எனப்படுகிறது. இதில் நமது வண்டிக்கு ஒரு காசும் கிடையாது.

இதற்கு மேற்பட்டது மூன்றாம் தரப்பு, தீ, திருட்டுக் காப்புறுதி. வண்டி எரிந்துபோனாலோ களவு போனாலோ இதில் ஈடு கிடைக்கும். மோதலில் நொறுங்கினால் கிடைக்காது. மூன்றாவது வகை முழுமைக் காப்புறுதி. மோதல், தீ, திருட்டு, பிறருக்கு நேரும் சேதம் யாவும் இதில் அடங்கும். முழுமை என்ற சொல்லைக் கேட்டு மயங்கிவிடலாகாது. அதில் அடங்காதவையும் பல உண்டு. அவற்றைப் பின்னர்ப் பார்ப்போம்.

வண்டி எவ்வளவு பழையதாயினும் முதல் வகை இல்லாமல் முடியாது. ஆயிரம் வெள்ளி பெறாத மோட்டார் சைக்கிள் ஒருவரை மோதி முடமாக்கினால் நீதிமன்றம் விதிக்கும் இழப்பீடு பல்லாயிரக் கணக்கில் அமையும். அத்தொகையை வண்டியின் விலை தீர்மானிப்பதில்லை. காயமுற்றவரின் நிலையே தீர்மானிக்கிறது. பழைய வண்டி என்பதற்காக எந்த நிறுவனமும் ஏற்க மறுத்தால், அத்தகைய வண்டிகளுக்கென்றே 1992இல் அமைக்கப்பட்ட மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டு நிதியத்தின் வழி காப்புறுதி பெற இயலும். ஆகவே, "பழைய வண்டிக்கு யாரும் போடவில்லை" என்று கூறி வெறுமனே ஓட்டுவதற்கு இடமில்லை.

மதிப்பு என்பது எது?

வாங்கிய விலை வேறு, செலவழித்த பணம் வேறு, சந்தை மதிப்பு வேறு. நம்மில் பலர் இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுகின்றனர். அதே தயாரிப்பு, அதே வகை, அதே ஆண்டு, ஏறத்தாழ அதே நிலையிலுள்ள இன்னொரு வண்டியை இன்று வாங்க வேண்டுமானால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்குமோ அதுவே சந்தை மதிப்பாகும். எட்டு ஆண்டுகளுக்கு முன் 15,000 வெள்ளிக்கு வாங்கிய கார் இன்று 6,000 வெள்ளிக்கு விலைபோகுமானால் அதன் மதிப்பு 6,000 வெள்ளியே. கடந்த ஆண்டு 2,000 வெள்ளி செலவிட்டுச் சாயம் பூசி, சக்கர வளையங்களை மாற்றியிருந்தாலும் மதிப்பு 8,000 வெள்ளி ஆகிவிடாது. அச்செலவில் ஒரு பகுதிதான் விலையில் திரும்பி வரும். இயந்திரத்தைச் சீர்செய்த செலவு ஓரளவு திரும்பும். அலங்காரச் செலவு பெரும்பாலும் திரும்பாது.

மதிப்பை அறியும் வழி எளிதே. செய்தித்தாள் விளம்பரங்களிலும் கைப்பேசியில் காணும் விற்பனைப் பக்கங்களிலும் அதே வகை வண்டிகள் நான்கைந்தைத் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் உள்ளது கேட்கும் விலையேயன்றிக் கொடுத்த விலை அன்று என்பதையும் மறத்தல் கூடாது. பின்னர் பட்டணத்திலுள்ள பழைய வண்டிக் கடைகள் இரண்டில், "இதனை நீங்கள் எவ்வளவுக்கு விற்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். "எவ்வளவுக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டால் மிகக் குறைந்த தொகையே சொல்வார்கள். வணிகரின் இயல்பு அது. இவற்றின் நடுத்தரமான தொகையை எடுத்துக்கொண்டு, அடித்தட்டில் துரு, ஓடிய தூரம், முன்பு நேர்ந்த பெரிய மோதல், டயரின் நிலை ஆகியவற்றுக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். தோட்டத்து மண்பாதையில் நாள்தோறும் ஓடிய வண்டிக்கும் பட்டணத்துத் தார்ச்சாலையில் ஓடிய வண்டிக்கும் அடித்தட்டில் வேறுபாடு இருக்கும். அதை ஒளிப்பதால் பயனில்லை.

காப்புறுதி நிறுவனங்களோ, வண்டியின் வகையும் ஆண்டும் தெரிவித்ததும் கணினியிலுள்ள பொது விலைப் பட்டியலைப் பார்த்து ஒரு தொகையைப் பரிந்துரைக்கின்றன. அத்தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் திரட்டிய விலையோடு அது பொருந்தினால் கவலையில்லை. பெரிதும் வேறுபட்டால் காரணம் கேட்க வேண்டும். வகையை மாற்றிக் குறித்திருப்பார்கள், அல்லது ஆண்டைத் தவறாகப் பதிந்திருப்பார்கள். மிகப் பழைய வண்டிகளுக்குப் பட்டியலில் விலையே இல்லாமலும் போகலாம்.

இங்கு ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பழசாக ஆக விலை ஏறும் வண்டிகளும் உண்டு. நமது தந்தையர் ஓட்டிய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளையும், வெஸ்பாவையும், 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவையும் இன்று தேடி வாங்குவோர் இருக்கின்றனர். மூலப் பாகங்களுடன் நல்ல நிலையில் பேணப்பட்ட அத்தகைய வண்டிக்குப் பொதுப் பட்டியலின் விலை பொருந்தாது. அதற்கு ஒப்புக்கொண்ட மதிப்பு என்னும் முறை உண்டு. காப்புறுதி எடுக்கும்போதே நிறுவனமும் உரிமையாளரும் ஒரு தொகையை ஏற்றுக்கொள்கின்றனர். வண்டி முற்றாக அழிந்தாலோ களவு போனாலோ அன்றைய சந்தை விலை பற்றிய வாதமின்றி அத்தொகை கிடைக்கும். கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கும். எத்தனை ஆண்டு வரையிலான வண்டிக்கு இதனை அளிக்கின்றனர் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். வண்டியின் நான்கு புறமும், இயந்திரமும், எண்களும் தெரியும்படி எடுத்த படங்களையும், பழுது பார்த்த ரசீதுகளையும் வைத்திருந்தாலே இப்பேச்சு எடுபடும். ரசீதைக் கிழித்தெறியும் பழக்கம் நம்மிடையே அதிகம். அது இங்கே இழப்பாக முடிகிறது.

கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன?

பத்திரத்தில் எழுதப்படும் காப்புத் தொகை, நிறுவனம் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பே ஆகும். கொடுத்தே தீரும் தொகை அன்று. வண்டி முற்றாக அழிந்தால் சந்தை மதிப்பு, காப்புத் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். 6,000 வெள்ளி பெறும் காருக்கு 10,000 வெள்ளி எனப் போட்டவருக்கும் 6,000 வெள்ளியே கிடைக்கும். மிகுதி 4,000 வெள்ளிக்குச் செலுத்திய கட்டணம் வீண்.

குறைத்துப் போடுவதன் விளைவு இதனினும் கடுமையானது. ஏனெனில் அது சிறு விபத்திலும் தலைகாட்டும். காப்புத் தொகையானது சந்தை மதிப்பைவிட 10 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தால், அக்குறைவுக்கு உரிமையாளரே பொறுப்பு என்று பத்திரம் கூறுகிறது. 12,000 வெள்ளி பெறும் வேனுக்கு ஒருவர் கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி 8,000 வெள்ளிக்கே காப்புறுதி போட்டார் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் ஒரு மோதலில் பழுதுபார்ப்புச் செலவு 3,000 வெள்ளி ஆயிற்று. "8,000 வெள்ளி வரை போட்டிருக்கிறேனே, 3,000 வெள்ளி கிடைக்காதா?" என்பார் அவர். கிடைக்காது. மூன்றில் இரு பங்கு மதிப்புக்கே போட்டிருப்பதால் செலவிலும் மூன்றில் இரு பங்கு, அதாவது 2,000 வெள்ளி மட்டுமே கிடைக்கும். மிகுதி 1,000 வெள்ளியை அவர் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கட்டணத்தில் அவர் மிச்சம் பிடித்தது இதற்கு ஈடாகாது.

வண்டியின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சென்ற ஆண்டின் தொகையை அப்படியே இவ்வாண்டும் எழுதுவது சரியன்று. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டி, புதிய பாகம்

பழைய வண்டி வைத்திருப்போர் பெரிதும் ஏமாற்றமடையும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் பெட்டர்மெண்ட் எனப்படும் இக்கழிவைப் பட்டறையில் நிற்கும்போதுதான் பலர் முதன்முறையாகக் கேள்விப்படுகின்றனர். பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டியின் நொறுங்கிய கதவுக்குப் பதிலாகப் புத்தம் புதிய மூலப் பாகம் பொருத்தப்படும்போது வண்டி முன்னைவிட மேம்படுகிறது, அம்மேம்பாட்டின் பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. வழக்கமான அட்டவணைப்படி 5 ஆண்டு வண்டிக்கு 15 விழுக்காடு, 6 ஆண்டுக்கு 20, 7 ஆண்டுக்கு 25, 8 ஆண்டுக்கு 30, 9 ஆண்டுக்கு 35, 10 ஆண்டும் அதற்கு மேலும் 40 விழுக்காடு கழிக்கப்படும்.

பாகங்களின் விலை 2,500 வெள்ளி, கூலி 1,000 வெள்ளி என்று கொள்வோம். கூலியில் இக்கழிவு இல்லை. பாகங்களின் விலையில் 40 விழுக்காடாகிய 1,000 வெள்ளியை உரிமையாளர் செலுத்தியாக வேண்டும். அன்றைக்குக் கையில் 1,000 வெள்ளி இல்லையென்றால் வண்டி பட்டறையிலேயே கிடக்கும். வேலைக்குச் செல்வதும் தடைப்படும். இக்கழிவைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் காப்புறுதியைச் சில நிறுவனங்கள் அளிக்கின்றன. அதன் கட்டணத்தையும் பழைய வண்டிக்கு அது செல்லுமா என்பதையும் விசாரிப்பது நல்லது. நிறுவனத்தின் அனுமதி பெற்று நல்ல பழைய பாகத்தைப் பொருத்திக்கொள்ள இயலுமா என்றும் கேட்கலாம். ஆயினும் பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றில் பழைய பாகத்தைத் தேடுவது அறிவுடைமை ஆகாது.

முழுமைக் காப்புறுதி தேவைதானா?

இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். 6,000 வெள்ளி பெறும் காருக்கு முழுமைக் காப்புறுதி ஆண்டுக்கு 700 வெள்ளி, மூன்றாம் தரப்புக்கு 200 வெள்ளி எனக் கூறப்படுவதாகக் கொள்வோம். வேறுபாடு 500 வெள்ளி. ஆறு ஆண்டுகளில் அது 3,000 வெள்ளி, அதாவது இன்றைய மதிப்பில் பாதி. அதற்குள் காரின் மதிப்பும் இறங்கிவிடும். முற்றாக அழிந்தால் கிடைக்கும் தொகையும், சிறு பழுதானால் மேற்கண்ட கழிவு போகக் கிடைக்கும் தொகையும் இந்த 500 வெள்ளிக்குத் தகுதியானவையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எமது கருத்து இது: வண்டி போனால் இன்னொன்றைச் சேமிப்பிலிருந்து வாங்க இயலும் எனில் மூன்றாம் தரப்போடு நிறுத்திக்கொண்டு, மிச்சமாகும் தொகையை மாதந்தோறும் தனியே சேமிக்கலாம். வண்டியே பிழைப்புக்கு ஆதாரமாக இருந்து, அது போனால் கடன் வாங்க வேண்டிய நிலையிலுள்ளவர் முழுமைக் காப்புறுதியைக் கைவிடலாகாது. மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை மோதலைவிடத் திருட்டே பெரிய அச்சமாக இருப்பின் இரண்டாம் வகை பொருத்தமாக அமையும். வண்டியின் மீது கடன் பாக்கி இருந்தால் தெரிவுக்கே இடமில்லை. கடன் கொடுத்தவர் முழுமைக் காப்புறுதியைக் கேட்பார்.

2017ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் முழுமைக் காப்புறுதிக்கும், தீ திருட்டுக் காப்புறுதிக்கும் நிறுவனங்கள் தாமே கட்டணம் நிர்ணயிக்க அனுமதிக்கப்பட்டன. அதற்கு முன் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கட்டணந்தான். ஆதலால் இப்போது மூன்று நிறுவனங்களிலாவது விலை கேட்பது வீண் வேலை அன்று. தக்காஃபுல் நிறுவனங்களையும் விசாரிக்கலாம். எல்லா மதத்தினரும் அதில் சேரலாம்.

கழிவை இழக்காதீர்

விபத்துக்கு இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டு. இதனையே என்.சி.டி. என்கிறோம். தனியார் காருக்கு முதல் ஆண்டு 25 விழுக்காடு, பின்னர் 30, 38.33, 45, இறுதியில் 55 விழுக்காடு. மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25 விழுக்காடு. இக்கழிவு வண்டிக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. பழைய காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கும்போது அதனை மாற்றிக்கொள்ளலாம். விற்றவரின் கழிவு வாங்கியவருக்குச் சேராது.

சொந்தத் தவற்றுக்கு இழப்பீடு கோரினால் கழிவு முழுவதும் போய்விடும். அதன் விலையைப் பாருங்கள். கழிவுக்கு முன் 800 வெள்ளி கட்டணமுள்ள காருக்கு 55 விழுக்காட்டுக் கழிவு பெற்றவர் 360 வெள்ளி செலுத்துகிறார். கோரிக்கைக்குப் பிறகு, கட்டணம் மாறாதிருந்தால், அவர் 800, 600, 560, 493, 440 வெள்ளி என ஐந்து ஆண்டுகள் செலுத்திய பின்னரே மீண்டும் 360 வெள்ளிக்கு வருவார். கூடுதற் செலவு ஏறத்தாழ 1,093 வெள்ளி. ஆகவே 700, 800 வெள்ளிப் பழுதுக்கு இவர் இழப்பீடு கோருவது நட்டமே. கோருமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முழுமையில் அடங்காதவை

தேய்மானம், இயந்திரப் பழுது ஆகியவை எந்தக் காப்புறுதியிலும் அடங்கா. வெள்ளம், புயல், மண்சரிவு ஆகியவை சாதாரண முழுமைக் காப்புறுதியில் இல்லை. தனியே சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தபோது எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. பழைய கட்டண அட்டவணையில் இதற்கான கூடுதற் கட்டணம் காப்புத் தொகையில் 0.5 விழுக்காடு, அதாவது 6,000 வெள்ளிக்கு 30 வெள்ளி. இப்போது நிறுவனத்துக்கேற்ப மாறும். ஆற்றோரத் தோட்டங்களிலும் பள்ளமான குடியிருப்புகளிலும் உள்ளோர் இதனை விட்டுவிடலாகாது.

தனியார் பயன்பாட்டுக்கெனக் காப்புறுதி போட்ட வேனில் கூலி வாங்கிக்கொண்டு பிள்ளைகளையோ தொழிலாளர்களையோ ஏற்றிச் செல்வது நமது வட்டாரங்களில் காணப்படும் வழக்கம். விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கும். வண்டியும் போய், காயமுற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு வேன்காரரே பதில் சொல்ல வேண்டிய நிலை உருவாகும். வாடகைக்கு ஓட்டுவோர் அதற்குரிய உரிமமும் காப்புறுதியும் பெற்றே ஆகவேண்டும். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இதனைக் கேட்டறிவது முறை.

உரிமம் இல்லாதவர் ஓட்டினாலும் அவ்வாறே. மகன் தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறான் என்று சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அவன் பெருஞ்சாலைக் கடைக்குப் போவதைத் தடுப்பவர் யார்? பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாதவர், 21 வயது நிறையாதவர் போன்றோர் காரை ஓட்டி விபத்து நேர்ந்தால், வழக்கமாக முதல் 400 வெள்ளியை உரிமையாளரே ஏற்க வேண்டும். ஆதலால் வீட்டில் ஓட்டுவோர் எல்லோரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வருபவரும் காரில் உடன் வருபவரும் தாமாகவே அடங்கிவிடுவர் என்று கருத வேண்டா. அதையும் கேட்டுத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் தொழிலாளிக்கு நேரும் காயத்துக்குச் சொக்சோ உதவும். அது ஆளுக்கே, வண்டிக்கு அன்று.

இன்னொன்று. பழைய வண்டியைப் பணம் கொடுத்து வாங்கியபின் பெயர் மாற்றாமல் பல ஆண்டுகள் ஓட்டுவோர் உளர். வண்டி விற்கப்பட்டால் முன்னவரின் காப்புறுதி வாங்கியவரைத் தொடர்ந்து வராது. கிராண்டில் பெயர் ஒருவருடையது, ஓட்டுபவர் வேறொருவர், பணம் யாருக்கு என்ற சிக்கலில் இழப்பீடு முடங்கிவிடும். வாங்கிய உடனே சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயரை மாற்றித் தம் பெயரிலேயே காப்புறுதி எடுக்க வேண்டும்.

விபத்து நேர்ந்த பின்

24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். படுகாயமுற்று மருத்துவமனையில் இல்லையெனில் 7 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இழுவை வண்டியுடன் தாமாக வந்து நிற்பவரிடம் சாவியையும் கையொப்பத்தையும் கொடுத்துவிடாமல், நிறுவனத்தின் எண்ணுக்கே அழைத்து, அது ஏற்கும் பட்டறைக்கே வண்டியைக் கொண்டு செல்ல வேண்டும். நிறுவனம் கணித்த சந்தை மதிப்பு குறைவென்று தோன்றினால் உடனே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் முன்பு குறித்து வைத்த விலைகள், படங்கள், ரசீதுகள் ஆகியவற்றைக் காட்டி எழுத்து மூலம் மறுபரிசீலனை கேட்கலாம். அப்போதும் உடன்பாடு ஏற்படாவிட்டால், நிறுவனத்தின் இறுதி முடிவுக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள், 2025 ஜனவரி 1 முதல் இயங்கிவரும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம். கடிதத்தின் பிரதியையும் காப்புறுதிப் பத்திரத்தையும் போலீஸ் அறிக்கையையும் முறையீட்டுடன் இணைத்தனுப்ப வேண்டும்.